கார்த்திகையில் பூத்த மல்கோவா

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, மல்கோவா மரத்தடியில் ஈர மண்ணில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த காட்சிதான். மழை விட்டிருந்த காலை நேரம். மரத்தைச் சுற்றிப் பாதி வட்டம் வரை சின்னப் பள்ளமாக வெட்டியிருந்தார்கள். மீதிப் பாதியை வெட்ட வேண்டிய இடத்தில், கட்டியிருந்த நல்ல சேலையோடு அண்ணி உட்கார்ந்துவிட்டார். மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் கையில் மருந்து கலந்த வாளி. கல்யாணமாகி அவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தசரா லீவுக்குப் போயிருந்த நான், புதுப் பெண்டாட்டியின் பிடிவாதத்துக்கு அண்ணன் என்ன செய்யப்போகிறார் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுந்திரும்மா. சேலையெல்லாம் சேறாவுது.”

“ஆனா ஆவட்டும். நீங்க அந்த வாளியை எடுத்துக்கிட்டுப் போங்க, நான் எழுந்துக்கறேன்.”

“எல்லா மரத்துக்கும் ஊத்தியாச்சு. இது ஒண்ணை மட்டும் எதுக்கு விடணும்?”

“எல்லாமே நாம சொன்ன நேரத்துக்குப் பூத்தா நல்லாவா இருக்கும்? ஒண்ணாவது அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அண்ணன் சிரித்துவிட்டார். ஆட்களும் சிரித்தார்கள். “சரி, இதுல நான் எப்பவும் கை வைக்க மாட்டேன். போதுமா?” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். அண்ணி எழுந்து, வெட்டிப் போட்டிருந்த மண்ணைக் காலாலேயே தள்ளிப் பள்ளத்தை மூடினார்.

அந்தத் தோட்டம் பெங்களூருக்கு வெளியே, அத்திபெலேயிலிருந்து சர்ஜாபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது. அண்ணிக்கு அவர் அப்பா வழியாக வந்தது. அண்ணன் அத்திபெலேயில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் மாமரம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பூ மருந்து விற்றது அவர்தான். பூ மருந்து என்பது எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்கு. டப்பாவில் இருக்கும் பெயர் பேக்லோபியூட்ரசால். தளிர் விட்டு நீள்வதற்காக மரம் தன் உடம்புக்குள் ஏதோ சுரந்துகொள்கிறதாம். இந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றினால் அது மேலேறி அந்தச் சுரப்பை அடக்கிவிடும். நீள முடியாத மரம் இருக்கிற சத்தையெல்லாம் பூவாகத் தள்ளும். ஒரு வருடம் காய்த்து மறுவருடம் சும்மா நிற்கிற மரம்கூட வருடா வருடம் காய்க்கும், அதுவும் மற்ற தோட்டங்களுக்கு முன்னால். அளவு மீறினால் மட்டும் ஆபத்து. கிளை குறுகி, இலை ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து, மரம் கூனிப்போகும். மண்ணில் இறங்கிய மருந்தும் லேசில் போகாது. யார் வந்து கேட்டாலும் அண்ணன் முதலில் சொல்வது இதைத்தான். மரத்தின் வயது என்ன, கிளை விரிந்த குடை எவ்வளவு அகலம் என்று விசாரித்த பிறகுதான் டப்பாவை எடுத்துக் கொடுப்பார்.

அண்ணி மருந்துக்கு எதிரி அல்ல. பி.காம். படித்தவர், கடைக் கணக்கும் அவர்தான் பார்த்தார். பாதாமி, செந்தூரா, கிளிமூக்கு என்று மற்ற மாமரங்களுக்கெல்லாம் மருந்து ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார். வீட்டை ஒட்டி நின்ற அந்த ஒற்றை மல்கோவாவைத்தான் தொடக்கூடாது. அது அவர் விருப்பத்துக்கு ஏற்ற மரமும்தான். தோட்டமெல்லாம் பூத்து முடிந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ மனசு வந்தால் பூக்கும். சில வருடம் ஒரு பூங்கொத்துகூட வராது. காய்த்தாலும் ஆனி, ஆடி வரை பழுக்காது. மற்ற மரத்துப் பழமெல்லாம் தீர்ந்து, வாசலில் ஈ மொய்ப்பதும் நின்ற பிறகு, ஒவ்வொன்றும் கை நிறைய, ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் மஞ்சளுமாக இறங்கும். அதில் முதல் பழத்தை பேப்பரில் சுற்றி, ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு, அந்த லாரி நெரிசலிலும் ஓசூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்கு என் வீட்டுக்கு வந்து தருவார். உட்காரக்கூட மாட்டார். தோலை உரித்து நான் முதல் துண்டை வாயில் போடுவதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தோட்டத்தைச் சுற்றி அபார்ட்மெண்ட்கள் எழும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து பழம் வாங்கிப்போனார்கள். கன்னடம், தெலுங்கு, இந்தி என்று எந்தப் பாஷையில் கேட்டாலும் அண்ணி பதில் சொல்வார். மல்கோவா வேண்டும் என்று கேட்பவர்களிடம் மட்டும் பதில் ஒன்றுதான். “ஆனி மாசம் வாங்க, அதுக்கு இஷ்டம் இருந்தா கிடைக்கும்.” ஆனி என்றால் எந்த மாதம் என்று அவர்கள் விழிப்பதை அவர் ரசித்தார்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர்களிடம் போனார்கள், பிறகு போவதை நிறுத்தினார்கள். எப்போது நிறுத்தினார்கள், யார் முதலில் போதும் என்று சொன்னது என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். நோகிற இடத்தைத் தொடாமல் சுற்றிப் போகும் பழக்கம் அவர்களுக்குள் அப்போதே வந்துவிட்டது. பாசத்தில் குறையில்லை. கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வரும் வரை அண்ணி சாப்பிட மாட்டார். அண்ணி செருப்பு அறுந்தால் அவர் கவனிக்கும் முன்பே புதுசு வாசலில் இருக்கும். பேச்சு மட்டும் சில விஷயங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

நோய் வயிற்றுவலியாகத்தான் ஆரம்பித்தது. அல்சர் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்து, கண் மஞ்சளித்த பிறகுதான் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். கணையத்தில் கட்டி. ஸ்கேன் படங்களை எல்லாம் பார்த்து முடித்த டாக்டர் அண்ணனையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கன்னடத்தில்தான் பேசினார், அவசரமில்லாமல், நல்ல குரலில். மருந்து ஏற்றலாம், வலியைக் குறைக்கலாம் என்றார். அண்ணன் எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததைப் புரிந்துகொண்ட மாதிரி டாக்டரே சொன்னார்: “பேசிகெ தனக கஷ்ட.” கோடை வரைக்கும் தாங்குவது கஷ்டம். அது ஆவணி மாதம். வெளியே தெருவெல்லாம் கணேச சதுர்த்திக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரிடாரில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அண்ணி எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் அவர் பார்வையில் படுவதற்கு முன்னால் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பாப்பா, அவகிட்ட சொல்ல வேணாம். மருந்து ஏத்தினா கட்டி கரைஞ்சிடும்னு சொல்லிடலாம்.”

“அண்ணா, அவங்க கேட்டா?”

“கேட்டாலும் அதையே சொல்லு.”

சொன்னோம். அண்ணி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “அப்போ பொங்கலுக்குள்ள சரியாயிடும்,” என்றார். “ஆயிடும்,” என்றார் அண்ணன்.

மருந்து ஏற்றுவதற்கு அடிக்கடி வர வேண்டியிருந்ததால் அண்ணியை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஆவணியிலிருந்து கார்த்திகை பாதி வரை இருந்தார். நான் ஸ்கூலில் கணக்கு டீச்சர். பரீட்சை பேப்பர்களைத் திருத்தி முடித்தால் மார்க்கைக் கூட்டிப் போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அரை மார்க்கைக்கூட விட மாட்டார். தலைமுடி கொட்ட ஆரம்பித்தபோது, பார்லருக்குப் போய் மொத்தமாக எடுத்துவிட்டு வந்து, “ஷாம்பு செலவு மிச்சம்,” என்றார். வாந்தி எடுத்துக் களைத்துப்போன நாட்களில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அண்ணன் கடையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, நடு நடுவே வந்து போனார். போனில் தினமும் பேச்சு உண்டு. பாதாமிக்குத் தண்ணி விட்டீங்களா, வேலி சரி பண்ணியாச்சா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் அண்ணி, “மல்கோவா எப்படி இருக்கு?” என்பார். “அப்படியேதான் இருக்கு,” என்று அண்ணன் சொல்வது எனக்கும் கேட்கும்.

அந்த மருந்தை இனிமேல் உடம்பு தாங்காது என்று டாக்டர் நிறுத்தினார். ஒரு சனிக்கிழமை, கார் வைத்து அண்ணியைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரோட்டிலிருந்து திரும்பியதுமே நான் பார்த்துவிட்டேன். மல்கோவா உச்சி வரை பூத்திருந்தது. இலை தெரியாத அளவுக்கு வெளிர்மஞ்சள் கொத்துகள். தேனீக்கள் சத்தம் கார் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல சகுனம் என்றுதான் தோன்றியது. “அண்ணி, உங்க மரம் பூத்திருக்கு பாருங்க,” என்றேன்.

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து அடிமரத்தைச் சுற்றி இருந்த தரையைப் பார்த்தார். எல்லா இடத்திலும் முற்றிய புல் இருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு வளையத்தில் மட்டும் புல் இளசாக, வேறு பச்சையில் இருந்தது. நான் அதை அவர் பார்வையைத் தொடர்ந்துதான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன் பின்னால் நின்றிருந்தார். “இந்த வருஷம் மழை நல்லா பெஞ்சுது. அதான் சீக்கிரமே பூத்திருச்சி,” என்றார்.

பூ மருந்து விற்கிறவர் சொல்லக்கூடிய பொய்யா அது? மழை அதிகமானால் மாமரம் தளிர்தான் விடும், பூக்காது என்று அவரே நூறு பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். நான் சண்டையை எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டி எட்டிய ஒரு கொத்தை வளைத்து முகர்ந்தார். “ஆமா, நல்ல மழை,” என்றார். “உள்ள போலாம், கால் வலிக்குது.”

மத்தியானம் அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அண்ணிக்கு வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தோள்பட்டை எலும்பு துண்டில் தட்டியது. அவர் திரும்பாமலே பேசினார்.

“டாக்டர் எப்ப வரைக்கும்னு சொன்னாரு பாப்பா?”

“கரைஞ்சிட்டு வருதுன்னுதானே அண்ணி…”

“சும்னே சொல்லாத.” குரலில் கோபம் இல்லை. “ஆனி மாசம் வரைக்கும் நான் இருப்பேன்னா, உங்க அண்ணன் அந்த மரத்துல கை வச்சிருக்க மாட்டாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆவணியில் டாக்டர் சொன்ன கொஞ்ச நாளிலேயே, அண்ணி என் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நாட்களில், அண்ணன் அந்த மரத்தைச் சுற்றி வெட்டியிருக்கிறார். கோடைக்கு முன்னால் அண்ணி போய்விடுவார். மல்கோவா கோடை முடிந்துதான் பழுக்கும். இரண்டில் ஒன்றைத்தான் அவரால் நகர்த்த முடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்த விஷயத்தை, அந்தப் பூ அண்ணி கார் கதவைத் திறந்ததுமே சொல்லிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி என் கையிலிருந்து துண்டை வாங்கித் தானே கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அழாத. அவருகிட்ட நீ எதுவும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறதுல அவருக்கு ஒரு தெம்பு. அது இருக்கட்டும்.”

“உங்களுக்குக் கோவம் இல்லையா அண்ணி?”

“வந்துச்சு,” என்றார். “சொன்ன சொல்லை எழுதிக் குடுத்த மாதிரி எத்தனை வருஷமா காப்பாத்தினாரு. அதையே ஒடைக்கணும்னா மனுஷன் எவ்ளோ பயந்திருப்பாரு. அதை நெனச்சா கோவத்தை எங்க வச்சிக்கறது?”

மார்கழியில் பிஞ்சு பிடித்தது. கிறிஸ்துமஸ் லீவு முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். வெயில் ஏறியதும் அண்ணியை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்போம். மடியில் ஒரு தலையணை. பட்டாணி அளவுப் பிஞ்சுகள் அவர் மேலேயே உதிரும். மாமரம் பூத்ததில் முக்கால்வாசியைத் தானே உதிர்த்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வருடம் அண்ணனால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் முதுகில் ஸ்பிரேயர் டேங்கைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“எதுக்கு அடிக்கறீங்க?” என்றார் அண்ணி.

“தத்துப்பூச்சி இருக்கு.”

பிஞ்சு உதிராமல் பிடித்து நிறுத்துவதற்கும் ஒரு மருந்து உண்டு. அதுவும் மரத்தின் உடம்புக்குள் இருக்கும் ஒரு சுரப்பின் நகல்தான். கடையில் அந்தப் பாட்டிலை வருடக்கணக்காக எடுத்துக் கொடுத்தவர் அண்ணி. பாட்டில் அண்ணனின் காலடியில், லேபிள் எங்களைப் பார்த்தபடி இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். “மேல் கிளைக்கும் நல்லா அடிங்க, அங்கதான் நிறைய இருக்கும்,” என்றார். நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லி என்னிடம் கை காட்டினார். அண்ணன் மேல் கிளைக்கு எக்கி எக்கி அடித்தார். புகை மாதிரி இறங்கிய துளிகளுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அண்ணியும் இருந்தார்கள்.

அந்த மாதங்களில் அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் பேசினார்கள். அடுத்த வருடம் கிளிமூக்கு வரிசையை எடுத்துவிட்டு வேறு வைக்கலாமா என்றுகூடப் பேசினார்கள். அண்ணி யோசனை சொன்னார், அண்ணன் தலையாட்டினார். இல்லாத அடுத்த வருடத்தை இரண்டு பேரும் அவ்வளவு அக்கறையாகத் திட்டமிட்டார்கள். அடுக்களையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, போய் இரண்டு பேரையும் உலுக்க வேண்டும் போல் இருக்கும். ஆனால் அண்ணிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாசியில் காய்கள் வாத்து முட்டை அளவு ஆகியிருந்தன. அண்ணியால் அப்போது கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறக்க முடியவில்லை. வலிக்குப் பட்டை மாதிரி ஒன்றைத் தோளில் ஒட்டியிருந்தார்கள். ஒரு சாயங்காலம், கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு காய் பறிச்சிட்டு வாங்க,” என்றார்.

அண்ணன் பதறினார். “இன்னும் கொட்டைகூட முத்தலை. பங்குனி போகட்டும். பழமாவே சாப்பிடலாம்.”

“பழமும் சாப்பிடலாம். இப்போ இது ஒண்ணு.”

அண்ணன் பறித்துக்கொண்டு வந்தார். நான் கழுவி, மெல்லிசாகச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுத்தேன். அண்ணி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விழுங்க முடியவில்லை. ரொம்ப நேரம் நாக்கிலேயே வைத்திருந்துவிட்டு, டவலில் துப்பினார். “நல்லாருக்கு,” என்றார் அண்ணனைப் பார்த்து. “நல்லா வந்திருக்கு இந்த வருஷம்.”

அண்ணன், “மோட்டார் போட்டுட்டு வரேன்,” என்று எழுந்து போனார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் அண்ணன் உள்ளே வந்தார், முகம் கழுவிக்கொண்டு.

மாசி முடிவதற்குள் அண்ணி போய்விட்டார். அன்றைக்குக் காலையில் நான் வாயை நனைத்துவிட்டபோது கண் திறந்து பார்த்தார், அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டார். டாக்டர் சொன்ன கோடை அப்போது இன்னும் வரவில்லை.

சித்திரை பிறந்ததும் பழம் இறங்கியது. அந்த மரம் அவ்வளவு காய்த்து யாரும் பார்த்ததில்லை. கொம்புக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒன்றையும் விற்கவில்லை. அபார்ட்மெண்ட்களிலிருந்து வந்து, “ஆன்ட்டி எங்கே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பை பையாக அள்ளிக் கொடுத்தார். ஆனி மாதம்தானே வரச் சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டபோது, “இந்த வருஷம் முன்னாடியே வந்துருச்சி,” என்றார். நான் ஒரு பழத்தை வீட்டுக்கு எடுத்துவந்து உரித்தேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. எப்போதும் போல அதே மணம், அதே தித்திப்பு. குறை இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மரம் நீளவே இல்லை. வருகிற தளிர் விரல் நீளத்துக்கு மேல் போகாமல், இலைகள் ரோஜாப்பூ மாதிரி ஒரே இடத்தில் அடைந்தன. பூக்கொத்து வந்தாலும் முறுக்கிய முடிச்சாக வந்து கருகியது. கடையில் அளவு கேட்கிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதர், தன் மனைவியின் மரத்துக்கு அளவு மீறி ஊற்றியிருந்தார். “தெரிஞ்சேதான் ஊத்தினேன்,” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். “குறைச்சலா ஊத்தி, அது பூக்காம போயிடுச்சின்னா?” அதன் பிறகு எந்த மரத்துக்கும் அவர் பூ மருந்து ஊற்றுவதில்லை. கடையில் மட்டும் விற்கிறார், கேட்பவர்களுக்கு அளவு சொல்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டதால் தோட்டத்தில் இப்போது சாயங்கால வெயில் சீக்கிரமே போய்விடுகிறது. அண்ணன் மல்கோவாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“ஜிப்ரலிக். திராட்சைக்கு அடிக்கறது. பூ மருந்து எதை அடக்கி வச்சிருக்கோ, அதை இது வெளியில இருந்து குடுக்கும். கொழுந்து நீளும்னு சொல்றாங்க. பார்க்கலாம்.” டேங்கை இறக்கி வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“பாப்பா, அவளுக்குத் தெரியுமா?”

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. என்னிடம் வாக்கு வாங்கியவர் இப்போது இல்லை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“தெரியும்ணா. பூவைப் பார்த்த அன்னிக்கே தெரிஞ்சிருச்சி.”

அவர் தலையை அசைத்தார். “எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும்னு. தத்துப்பூச்சிக்குன்னு சொல்லி அடிச்சேனே. அவளுக்குத் தெரியாத பாட்டிலா அது.”

“அப்புறம் ஏண்ணா பேசலை?”

“பழுக்கட்டும்னு இருந்தேன். ஒரு துண்டு அவ வாயில வெச்சிட்டு, அப்புறம் எல்லாத்தையும் சொல்லிடலாம்னு.”

இலைகளிலிருந்து மருந்துத் துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “உன்கிட்ட என்னா சொன்னா?” என்றார். சொன்னேன். வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்ட அந்த மத்தியானம், கோபம் வந்தது என்று சொன்னது, தெம்பு இருக்கட்டும் என்று சொன்னது, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் மரத்தில் சாய்ந்து நின்று கேட்டார். அழவில்லை.

“வேற என்னா சொன்னா?”

“அவ்ளோதாண்ணா.”

“நல்லா யோசிச்சிப் பாரு. உன் வீட்டுல அவ்ளோ நாள் இருந்தாளே.”

யோசித்தேன். என் ரசத்தில் புளி அதிகம் என்று தினமும் சொன்னதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரியின் நாய்க்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ் கேரளாவிலிருந்து வந்த சின்னப் பெண், ஊர் ஞாபகத்தில் அழுதாள் என்று அவளுக்கு அண்ணி தலை வாரிவிட்டதைச் சொன்னேன். மழை பெய்த ஒரு நாள், உங்க அண்ணன் குடை எடுத்துட்டுப் போயிருப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். அண்ணன் அதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். வெயில் போய், மாடி வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்புறம்?” என்றார்.